எடை குறைந்த அரைத் தானியங்கிச் சிதறு துப்பாக்கி

எடை குறைந்த அரைத் தானியங்கிச் சிதறு துப்பாக்கி என்பது, பறவை வேட்டையின்போது நாள் முழுவதும் கையில் ஏந்தி நடப்பதற்கு ஏற்றவாறு எடை குறைத்துச் செய்யப்படும் வேட்டைத் துப்பாக்கி வகையாகும். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா மட்டுமே வெடிக்கும். பின்னர் வெற்றுக்கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை அறைக்குள் ஏற்றும் வேலையைத் துப்பாக்கி தானாகவே செய்துகொள்ளும். வழக்கமான 12-போர் அரைத் தானியங்கிகள் 3.2 முதல் 3.6 கிலோகிராம் வரை எடையுள்ளவை. மூன்று கிலோகிராமுக்குக் குறைந்தவை பொதுவாக எடை குறைந்தவையாகக் கருதப்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவிலும் இத்தாலி முதலிய ஐரோப்பிய நாடுகளிலும் இவை மிகுதியாகப் பயன்படுகின்றன.

வரலாறு

வெற்றிகரமான முதல் அரைத் தானியங்கிச் சிதறு துப்பாக்கியை யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரில் பிறந்த ஜான் மோசஸ் பிரௌனிங் (1855–1926) வடிவமைத்தார். இதற்கான காப்புரிமை 1900-ஆம் ஆண்டில் வழங்கப்பட்டது. தன் முந்தைய வடிவமைப்புகளை மொத்தத் தொகைக்கு விற்றுவந்த பிரௌனிங், இம்முறை விற்பனைக்கேற்ற உரிமைத்தொகை கேட்டார். வின்செஸ்டர் நிறுவனம் அதற்கு இணங்கவில்லை. அடுத்து ரெமிங்டன் நிறுவனத்தை நாடியபோது, அதன் தலைவர் மார்செலஸ் ஹார்ட்லி 1902 சனவரியில் மாரடைப்பால் இறந்தார். எனவே பிரௌனிங் பெல்ஜியம் சென்று எஃப்.என். நிறுவனத்துடன் உடன்பாடு செய்துகொண்டார். பின்னர் 'ஆட்டோ-5' எனப் பெயர்பெற்ற இத்துப்பாக்கி 20-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை உற்பத்தியில் இருந்தது. ரெமிங்டனும் 1905 முதல் இதே வடிவமைப்பை 'மாடல் 11' என்ற பெயரில் தயாரித்தது.

ஆட்டோ-5 உறுதியானது, ஆனால் கனமானது. 1950களில் பிரௌனிங்கின் மகன் வால் பிரௌனிங் வடிவமைத்த 'டபுள் ஆட்டோமேட்டிக்' இரண்டு தோட்டாக்களை மட்டுமே கொள்வது. அதன் 'டுவெல்வெட்' வகையில் நடுப்பெட்டி அலுமினியக் கலவையால் செய்யப்பட்டதால் எடை குறைந்தது. 1963-இல் வந்த ரெமிங்டன் 'மாடல் 1100' வளிமத்தால் இயங்கும் முறையைப் பரவலாக்கியது. 1967-இல் இத்தாலியின் உர்பினோ நகரில் தோன்றிய பெனெல்லி நிறுவனம், புரூனோ சிவொலானி உருவாக்கிய நிலைம முறையை அறிமுகப்படுத்தியது. இன்றைய எடை குறைந்த துப்பாக்கிகளில் பல இம்முறையைச் சார்ந்தவை.

இயங்கும் முறைகள்

1. நீள் பின்னுதைப்பு முறை: சுட்டவுடன் குழலும் பூட்டும் ஒன்றாகப் பின்னோக்கிச் செல்கின்றன. முதலில் குழலும் அதன்பின் பூட்டும் முன்னே திரும்புகின்றன. ஆட்டோ-5, ஃபிராங்கி 48 ஏ.எல். ஆகியவை இவ்வகையின. ஆட்டோ-5 துப்பாக்கியில் தோட்டாவின் வலிமைக்கேற்ப உராய்வு வளையங்களை மாற்றியமைக்க வேண்டும். வலிமையான தோட்டாவுக்கு இலேசான அமைப்பை வைத்துச் சுட்டால் துப்பாக்கியின் கட்டை பிளந்துபோகக்கூடும்.

2. வளிம முறை: குழலிலுள்ள சிறு துளைகள் வழியே வெடிவளிமத்தின் ஒரு பகுதி வெளிவந்து உந்துதண்டைத் தள்ளுகிறது. தோளில் விழும் உதை சற்று நீண்ட நேரத்துக்குப் பரவுவதால் மென்மையாக உணரப்படும். ஆயினும் உந்துதண்டும் அதன் உறுப்புகளும் முன்பகுதிக்கு எடை சேர்க்கின்றன. கரி படிவதால் அடிக்கடி துடைத்தும் வரவேண்டும்.

3. நிலைம முறை: பூட்டின் உடலுக்கும் சுழலும் தலைக்கும் இடையே ஒரு வலுவான சுருள்வில் உள்ளது. துப்பாக்கி பின்னே நகரும்போது பூட்டின் உடல் நிலைமத்தால் இருந்த இடத்திலேயே நிற்க, வில் அழுந்துகிறது. அழுந்திய வில் விரிந்து பூட்டைப் பின்னே தள்ளுகிறது. உறுப்புகள் குறைவு என்பதால் எடை குறைவு. வளிமம் உள்ளே வராததால் அழுக்கும் குறைவு. ஆனால் துப்பாக்கி பின்னே நகர்ந்தால்தான் இம்முறை வேலைசெய்யும். மிக இலேசான தோட்டாக்களை இட்டாலோ, துப்பாக்கியில் கூடுதல் எடைகளைப் பொருத்தினாலோ அடுத்த தோட்டா ஏறாமற் போகலாம். பூட்டைக் கையால் மெதுவாக மூடினால் சுழலும் தலை முழுதும் பூட்டிக்கொள்ளாது. அந்நிலையில் விசையை இழுத்தால் ஓசை மட்டும் கேட்கும், தோட்டா வெடிக்காது. எனவே பூட்டைத் தடையின்றி விட்டு மூடுதல் வேண்டும்.

எடையும் பின்னுதைப்பும்

எடை குறைந்த துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது இதுவே. ஒரே தோட்டாவைச் சுடும்போது, பின்னுதைப்பின் ஆற்றல் துப்பாக்கியின் எடைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். நொடிக்கு 365 மீட்டர் வேகத்தில் ரவை செல்வதாகக் கொண்டு கணக்கிட்டால் பின்வரும் மதிப்புகள் ஏறத்தாழக் கிடைக்கும்:

* 3.4 கிலோகிராம் துப்பாக்கி, 12-போர், 32 கிராம் ரவை: 27 ஜூல்
* 2.7 கிலோகிராம் துப்பாக்கி, 12-போர், 32 கிராம் ரவை: 34 ஜூல்
* 2.7 கிலோகிராம் துப்பாக்கி, 20-போர், 25 கிராம் ரவை: 21 ஜூல்

அதாவது 700 கிராம் எடையைக் குறைத்தால் உதையின் ஆற்றல் கால்பங்கு கூடுகிறது. வளிம முறை இவ்வுதையின் கூர்மையைத் தணிக்கும். நிலைம முறை அவ்வளவாகத் தணிக்காது. உதைக்கு அஞ்சும் வேட்டைக்காரர் விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடுவதும் தோளை அசைப்பதும் உண்டு. அதன் விளைவு, பறவை உடனே இறவாமல் காயத்துடன் பறந்துபோவதாகும்.

மிக இலேசான துப்பாக்கிக்கு வேறொரு குறையும் உண்டு. பறக்கும் பறவையைக் குழல் தொடர்ந்து செல்ல வேண்டும். இலேசான குழல் விரைவாகக் கிளம்பினாலும், இடையில் எளிதில் நின்றுவிடும். குழல் நின்றால் ரவை பறவையின் பின்னால் செல்லும். ஆகவே காலையிலிருந்து மாலைவரை நடந்து சிலமுறை மட்டும் சுடும் கௌதாரி, காடை வேட்டைக்கு எடை குறைந்தது பொருந்தும். ஓரிடத்தில் அமர்ந்து பலமுறை சுடும் வாத்து, புறா வேட்டைக்குக் கனமானதே நல்லது.

போர் அளவு

ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான எத்தனை குண்டுகளாக உருட்டினால் அக்குண்டு குழலில் சரியாகப் பொருந்துமோ, அந்த எண்ணிக்கையே போர் அளவாகும். எனவே எண் கூடினால் குழலின் விட்டம் குறையும்.

* 12-போர்: 18.5 மில்லிமீட்டர். எல்லாவகைப் பறவைகளுக்கும் உரியது.
* 20-போர்: 15.6 மில்லிமீட்டர். நடந்து வேட்டையாடுவோர் பெரிதும் விரும்புவது. பல துப்பாக்கிகள் 2.5 கிலோகிராம் அளவில் கிடைக்கின்றன.
* 28-போர்: 14 மில்லிமீட்டர். காடை போன்ற சிறு பறவைகளுக்கு, குறைந்த தொலைவில் மட்டும் ஏற்றது.

12-போர், 20-போர் தோட்டாக்களை ஒருபோதும் ஒரே பையில் கலந்து வைத்தல் கூடாது. 20-போர் தோட்டா 12-போர் அறை வழியே நழுவிக் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். அதையறியாமல் பின்னால் ஒரு 12-போர் தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கை சிதையும். இதைத் தவிர்க்கவே 20-போர் தோட்டாக்கள் மஞ்சள் நிறத்தில் செய்யப்படுகின்றன.

தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

* பொருத்தம்: துப்பாக்கியைத் தோளில் வைத்தவுடன் தலையை அசைக்காமலேயே குழலின் மேற்பட்டை கண்ணுக்கு நேராகத் தெரிய வேண்டும். விசையிலிருந்து கட்டையின் முனைவரை உள்ள நீளம் வழக்கமாக 36 சென்டிமீட்டர் அளவினது. கையின் நீளத்துக்கேற்ப இது மாறுபடும். பல துப்பாக்கிகளுடன், கட்டையின் சாய்வைத் திருத்தும் தகடுகளும் தரப்படுகின்றன.
* சமநிலை: மொத்த எடையைவிட அது எங்கே தங்கியிருக்கிறது என்பதே முதன்மையானது. எடை இரு கைகளுக்கும் இடையில் இருப்பது நன்று.
* குழல் நீளம்: 66 முதல் 71 சென்டிமீட்டர் வரை பொதுவானது. எடை குறைவான துப்பாக்கியில் சற்று நீண்ட குழல் சீராக நகர உதவும்.
* குழல்வாய்க் குறுக்கம்: 40 கசம் (36.6 மீட்டர்) தொலைவில் 76 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் விழும் ரவைகளின் பங்கைக் கொண்டு இது அளக்கப்படுகிறது. குறுக்கமற்ற குழல் 40 விழுக்காடும், முழுக் குறுக்கம் 70 விழுக்காடும் தரும். புதர்க்காட்டில் எழும் பறவைகளுக்குக் குறைந்த குறுக்கமே போதும்.
* கைப்பழக்கம்: வெற்றுக்கூடு வழக்கமாக வலப்புறம் எறியப்படும். இடக்கைக்காரர் தமக்கெனச் செய்யப்பட்டதைத் தேடுவது நலம்.

பாதுகாப்பு

இரட்டைக்குழல் துப்பாக்கியை மடக்கித் திறந்து வைத்தால் அது வெறுமையானது என்பதை உடனிருப்போர் தொலைவிலிருந்தே காண இயலும். அரைத் தானியங்கியில் அவ்வாறு தெரியாது. ஒருமுறை சுட்டவுடன் அடுத்த தோட்டா அறையில் ஏறிவிடுவதால், பறவை விழுந்த மகிழ்ச்சியில் ஓடும்போதே விபத்துகள் நேர வாய்ப்புண்டு. சுட்டு முடிந்ததும் பாதுகாப்புப் பூட்டை இடுதலும், வேலி தாண்டுமுன் தோட்டாக்கள் அனைத்தையும் எடுத்துவிட்டுப் பூட்டைத் திறந்து வைத்தலும் இன்றியமையாதவை.

சட்டமும் பறவைப் பாதுகாப்பும்

இத்துப்பாக்கி தோன்றிய காலத்திலேயே அதற்கு எதிர்ப்பும் எழுந்தது. விலங்கியலாளர் வில்லியம் ஹார்னடே, பறவையினங்கள் அழிவதற்குத் தானியங்கித் துப்பாக்கிகளும் ஒரு காரணம் என 1913-இல் எழுதினார். அதற்கு அடுத்த ஆண்டில் வட அமெரிக்காவின் பயணிப் புறா இனம் முற்றாக அற்றுப்போனது. பெருமளவு வேட்டையும் காடழிப்பும் அதற்குக் காரணங்களாகும். 1935 முதல் ஐக்கிய அமெரிக்காவில் வலசைப் பறவைகளை வேட்டையாடும் துப்பாக்கியில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் இருத்தல் கூடாது. இதற்காகத் தோட்டாக் குழாயில் ஓர் அடைப்பான் செருகப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் இரண்டு தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் குழாயுடைய அரைத் தானியங்கிகளைப் பறவை வேட்டைக்குப் பயன்படுத்தத் தடையுள்ளது.

ஈய ரவைகளை இரையுடன் விழுங்கும் நீர்ப்பறவைகள் நஞ்சேறி இறப்பதால், 1991 முதல் ஐக்கிய அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈயம் தடைசெய்யப்பட்டது. 2023 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களிலும் இத்தடை நடைமுறைக்கு வந்தது. மாற்றாகப் பயன்படும் எஃகு ரவை ஈயத்தைவிடக் கடினமானது, எடை குறைந்தது. பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பழைய ஆட்டோ-5 குழல்களில் அதைச் சுடுதல் கூடாது. ஆகவே பழைய துப்பாக்கி வாங்குவோர், தாம் வேட்டையாடும் இடத்தின் சட்டம் எந்த ரவையைக் கேட்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் காட்டுப் பறவைகளை விளையாட்டுக்காக வேட்டையாடுவதைத் தடைசெய்கின்றன.

இவற்றையும் பார்க்க

* சிதறு துப்பாக்கி
* ஜான் பிரௌனிங்
* பயணிப் புறா
* வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972