கவர்பொருள்
‘திங்கள்’ என்று தேடுபவருக்கு வேண்டியது நிலவா, மாதமா, கிழமையா? இப்படிப்பட்ட சொற்களுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு பட்டியல் பக்கம் வைத்து, வேண்டியதைத் தேர்ந்துகொள்ளச் சொல்வார்கள். அதற்கு அங்கே ‘பக்கவழி நெறிப்படுத்தல்’ என்று பெயர். எனக்கென்னவோ போக்குவரத்துக் காவலர் கைகாட்டுவது போலத்தான் ஒலிக்கிறது. பழந்தமிழில் நெறி என்றாலே வழிதான். பிறகு அது நடந்துகொள்ளும் வழியாகி ஒழுக்கத்தைக் குறித்தது. இன்றோ ஆய்வு மாணவருக்கு வழிகாட்டுபவரும் நெறியாளர், தொலைக்காட்சி விவாதத்தில் கூச்சலை அடக்கப் பார்ப்பவரும் நெறியாளர். ஆக, அந்தப் பெயரில் வழி இரண்டு முறை இருக்கிறது, பொருள் மயக்கம் ஒரு முறைகூட இல்லை. திவாகர நிகண்டு இத்தகைய சொற்களுக்கென்றே ‘ஒருசொற் பல்பொருள்’ என ஒரு தொகுதியை ஒதுக்கியது. ‘பலபொருள் ஒருசொல்’ என்பதும் நமக்குப் பள்ளியிலேயே பழக்கம். ஆனால் இவை சொல்லின் இயல்பைச் சொல்கின்றனவே தவிர, படிப்பவரின் தடுமாற்றத்தைச் சொல்வதில்லை. அதைச் சொல்வது ‘கவர்பொருள்’. கவர்த்தல் என்றால் கிளைத்துப் பிரிதல். கிளை பிரியும் இடம் கவடு, கவை. பையன்கள் கல்லெறியும் கவட்டையும் இந்தக் குடும்பம்தான். பாதை பிரிந்தால் கவர்வழி, பொருள் பிரிந்தால் கவர்பொருள். பட்டியலுக்குக் ‘கவர்பொருள் பக்கம்’ என்றே பெயர் வைக்கலாம். ஒரே தொல்லை, ‘கவர்’ என்றால் இன்று பலருக்கும் கடித உறையும் கல்யாண மொய்யும்தான் நினைவுக்கு வரும். பறித்தல், ஈர்த்தல் என்ற பொருள்கள் வேறு. அதற்கே முதலில் ஒரு கவர்பொருள் பக்கம் தொடங்கவேண்டியிருக்கும்.