விமான நிலையத்தில் கைத்தொலைபேசி: சோதனை எதுவரை?

வெளிநாட்டில் உறவில்லாத வீட்டைப் பருத்தித்துறையில் காண்பது அரிது. மகளின் பிள்ளைப்பேறு பார்க்க இலண்டனுக்கும், பேத்தியின் சாமத்திய வீட்டுக்கு ரொறன்ரோவுக்கும் போகும் தாய்மார் ஏராளம். முன்னர் இவர்கள் இரவு முழுவதும் பஸ்ஸில் இருந்து கட்டுநாயக்காவுக்குப் போகவேண்டியிருந்தது. 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி, சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாவால் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டது; 2024 செப்ரெம்பர் 1ஆம் திகதி இண்டிகோ நிறுவனமும் பறக்கத் தொடங்கியது. வழி இலகுவாகிவிட்டது. ஆனால் சோதனை மேசையில் கைத்தொலைபேசியையும் மடிக்கணினியையும் வெளியே எடுக்கும்படி கேட்கும்போது ஏற்படும் பதற்றம் மட்டும் குறையவில்லை.

இந்தப் பதற்றத்துக்கு ஒரு குழப்பமும் காரணம். விமான நிலையத்தில் எமது மின்னணுக் கருவிகள் மீது நடப்பது ஒரு சோதனையல்ல, இரண்டு. ஒன்று, அந்தக் கருவி விமானத்துக்கு ஆபத்தானதா என்று பார்ப்பது. மற்றையது, அதற்குள் இருக்கும் படங்களையும் செய்திகளையும் தொடர்பு இலக்கங்களையும் பார்ப்பது. முன்னையது பயணிகள் எல்லோரினதும் உயிரைக் காப்பது. பின்னையது ஒரு மனிதரின் அந்தரங்கத்துக்குள் அரசு நுழைவது. இரண்டுக்கும் ஒரே விதமாகத் தலைகுனிவதும், இரண்டின் மீதும் ஒரே விதமாகச் சினங்கொள்வதும் சரியல்ல என்பதே எமது கருத்து.

பற்றரி என்ற சொல் குடாநாட்டு மக்களுக்கு வெறும் பொருட்பெயர் அல்ல. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்குக் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருள்களில் மின்கலமும் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதித்து, டைனமோவில் செய்தி கேட்ட தலைமுறை இன்னமும் எம்மிடையே இருக்கிறது. தீர்ந்துபோன பற்றரியை வெயிலில் காயவைத்தோம். துளையிட்டு உப்புநீர் விட்டும் பார்த்தோம். ஒரு சோடி பற்றரியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சோதனைச் சாவடியைக் கடந்தவரின் மனநிலையை அறிந்தவர்களுக்கு, சோதனை என்றாலே பொதுப் பாதுகாப்பு என்று தோன்றாது. தண்டனை என்றுதான் தோன்றும். அந்த உணர்வு நியாயமானது. ஆயினும் விமானச் சோதனையை அதே கண்ணால் பார்க்கமுடியாது.

1985 ஜூன் 23ஆம் திகதி எயார் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக்கு அப்பால் கடலில் சிதறி 329 பேர் மாண்டனர். அதே நாளில் ரோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்தில் ஒரு பயணப்பொதி வெடித்துத் தொழிலாளர் இருவர் இறந்தனர். அந்தக் குண்டு வானொலிக் கருவி ஒன்றினுள் வைக்கப்பட்டிருந்தது. 1988 டிசம்பர் 21ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் லொக்கர்பி நகரின் மேல் பான் அம் விமானத்தைத் தகர்த்து 270 பேரைக் கொன்ற குண்டும் ஒரு ரேடியோ கசற் கருவிக்குள்ளேயே இருந்தது. இந்தக் கதையில் எம்மவருக்குப் பங்கில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 1984 ஓகஸ்ட் 2ஆம் திகதி மீனம்பாக்கத்தில், கொழும்பு விமானத்துக்கென வைக்கப்பட்ட பெட்டி வெடித்து முப்பது பேர் வரையில் உயிரிழந்தனர். 1986 மே 3ஆம் திகதி கட்டுநாயக்காவில் எயார் லங்கா விமானம் ஒன்றில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தனர்.

ஊடுகதிர்க் கருவியின் திரையில் உணவு, துணி, வெடிமருந்து போன்ற சேதனப் பொருள்கள் செம்மஞ்சளாகவும், உலோகங்கள் நீலமாகவும் தெரியும். மடிக்கணினியின் மின்கலமும் சுற்றுப்பலகையும் அடர்த்தியானவை. அவற்றின் கீழே இருப்பது மறைந்துவிடும். தனித் தட்டில் வைக்கச் சொல்வது இதற்காகவே. எமது பயணிகளின் பைகள் அடிக்கடி திறக்கப்படுவதில் இன துவேஷத்தை மட்டும் காண்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். பனங்கட்டிக் குட்டான்களுக்கும் மாப்பொட்டலங்களுக்கும் இடையே மின்னேற்றியின் வயரைச் சுருட்டிச் செருகிவிட்டால், திரையில் தெரிவது அடர்ந்த செம்மஞ்சள் கட்டியும் அதனோடு ஒட்டிய கம்பியுமே. எந்த அதிகாரியும் அதை நிறுத்தவே செய்வார். வயர்களை வேறாக ஒரு பையில் இட்டாலே பாதித் தொல்லை தீரும். புதிய சீ.ரீ. வகைக் கருவிகள் பொருளைப் பல கோணங்களில் காட்டுவதால், அவை உள்ள விமான நிலையங்களில் மடிக்கணினியை வெளியே எடுக்கவேண்டியதில்லை.

கருவியை இயக்கிக் காட்டும்படி கேட்பது 2014 ஜூலையில் அமெரிக்கா செல்லும் விமானங்களுக்காகத் தொடங்கியது. உள்ளீட்டை அகற்றி வெடிமருந்து நிரப்பிய கருவி இயங்காது என்பதே அதன் தர்க்கம். ஆதலால் பயணத்துக்கு முன் மின்னேற்றிக்கொள்வது நல்லது. எனினும் கருவியால் எல்லாம் ஆகிவிடுவதில்லை. 2016 பெப்ரவரி 2ஆம் திகதி மொகடிசுவில் புறப்பட்ட டாலோ விமானத்தில் மடிக்கணினிக் குண்டு வெடித்தது. சோதனையைத் தாண்டிய பின்னர் விமான நிலையப் பணியாளர்களே அக்கருவியைப் பயணியிடம் கையளித்தது கண்காணிப்புப் படங்களில் பதிவாகியிருந்தது.

அடுத்த ஆண்டு வந்த தடையை நாம் நியாயப்படுத்தமாட்டோம். 2017 மார்ச் 21ஆம் திகதி அமெரிக்கா, பத்து விமான நிலையங்களிலிருந்து வருவோர் கைத்தொலைபேசியை விடப் பெரிய கருவிகளை விமான அறைக்குள் கொண்டுவருவதைத் தடுத்தது. டுபாய், டோஹா, அபுதாபி, ஜித்தா, ரியாத், குவைத், அம்மான், கெய்ரோ, இஸ்தான்புல், கசபிளாங்கா என்பன அவை. எல்லாமே முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். உம்ரா முடித்து ஜித்தாவிலிருந்து திரும்பியவரும், டுபாயில் விமானம் மாறிய யாழ்ப்பாணத்தவரும் ஒரே பட்டியலுக்குள் அகப்பட்டனர். அதே கருவியுடன் ஐரோப்பா வழியாகச் சென்றவருக்குத் தடையில்லை. பிரித்தானியாவும் ஆறு நாடுகளுக்கு இவ்வாறு தடை விதித்தது; ஆனால் அதன் பட்டியலில் டுபாயும் டோஹாவும் அபுதாபியும் இருக்கவில்லை. ஒரே ஆபத்துக்கு இரு வல்லரசுகள் இரு பட்டியல் வைத்திருந்ததற்கு விளக்கம் கிடைக்கவில்லை. ஜூலைக்குள் அமெரிக்கத் தடை நீக்கப்பட்டு, எல்லா நாடுகளுக்கும் பொதுவான கூடுதல் சோதனை கொண்டுவரப்பட்டது. அதையே முதலில் செய்திருக்கலாம்.

அத்தடை வேறோர் ஆபத்தையும் உண்டாக்கியது. லித்தியம் மின்கலம் பழுதுற்றுத் தீப்பற்றினால், பயணிகள் அறையில் பணியாளர் நீரூற்றி அணைக்கலாம். சரக்கறையில் எவரும் அணுகமுடியாது. உதிரி மின்கலங்களையும் பவர் பாங்குகளையும் ஏற்றும் பெட்டியில் வைக்கக்கூடாது, கைப்பையில்தான் எடுத்துச் செல்லவேண்டும் என்ற சர்வதேச விதி இதனால் வந்ததே. 100 வாட் மணி வரை பொதுவாக அனுமதியுண்டு. அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. கடையில் விற்கும் 20,000 மில்லி அம்பியர் மணிப் பவர் பாங்க் சுமார் 74 வாட் மணி. எனவே அஞ்சத் தேவையில்லை. 2025 ஜனவரி 28ஆம் திகதி தென்கொரியாவில் எயார் பூசான் விமானம் தரையிலேயே எரிந்ததன் பின்னர் விதிகள் இறுகின. எமிரேட்ஸ் நிறுவனம் 2025 ஒக்டோபர் முதல் ஒருவருக்கு ஒரு பவர் பாங்க் மட்டுமே அனுமதித்து, விமானத்துள் அதைப் பயன்படுத்துவதையும் தடைசெய்தது.

இதுவரை சொன்னவை பொருள் பற்றியவை. உள்ளடக்கம் பற்றிய கதை வேறு. பிரித்தானியாவின் 2000ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, எவ்வித சந்தேகமும் இல்லாமலே ஒருவரை நிறுத்தி ஆறு மணிநேரம் வரை விசாரிக்க அதிகாரம் தருகிறது. கைத்தொலைபேசியின் கடவுச்சொல்லைத் தர மறுப்பது குற்றமாகலாம். கேஜ் அமைப்பின் பணிப்பாளர் முகம்மது ரப்பானி, தன்னிடம் ஒருவர் நம்பி ஒப்படைத்த தகவல்கள் அதில் இருந்ததாகக் கூறி மறுத்தார். 2017 செப்ரெம்பரில் குற்றவாளியாகக் காணப்பட்டார். ஊடகவியலாளர் கிளென் கிறீன்வால்டின் துணைவர் டேவிட் மிரண்டா 2013இல் ஹீத்ரோவில் ஒன்பது மணிநேரம் தடுத்துவைக்கப்பட்ட வழக்கில், செய்தித்துறைத் தகவல்களுக்கு இந்தச் சட்டம் போதிய காப்புத் தரவில்லை என 2016இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது.

அமெரிக்க எல்லை அதிகாரிகள் 2024 நிதியாண்டில் சுமார் 47,000 கருவிகளைச் சோதித்தனர். மொத்தப் பயணிகளில் இது மிகச் சிறு பங்கு. எனினும் அந்நாட்டுக் குடியுரிமை இல்லாதவர் மறுத்தால் நுழைவே மறுக்கப்படலாம். கனடாவில் காற்று வேறு திசையில் வீசுகிறது. எம்மவர் அதிகமாக வாழும் ஒன்ராறியோ மாகாணத்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2024இல், கைத்தொலைபேசியைப் பெட்டியைப் போலத் தடையின்றித் திறக்க இடமளிக்கும் சுங்கச் சட்டப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்த்தது. அல்பேர்ட்டா நீதிமன்றம் 2020இலேயே அவ்வாறு கூறியிருந்தது.

இந்த வேறுபாட்டை அறியவேண்டிய தேவை எம்மக்களுக்கு மற்றவரைவிட அதிகம். 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களின் பின்னர், வீட்டிலிருந்த அரபு நூல்களும் பதிவுகளுமே சந்தேகத்துக்குப் போதுமானவையாகக் கருதப்பட்டு முஸ்லிம்கள் பலர் கைதாகினர். அதற்கு முந்திய முப்பது ஆண்டுகளில் தமிழர் ஒருவரின் பையிலிருந்த புகைப்படத்துக்கும் பாட்டு நாடாவுக்கும் அதே பெறுமதி இருந்தது. இன்று அந்த அலுமாரி முழுவதும் கைத்தொலைபேசிக்குள் இருக்கிறது. அத்துடன் அதில் இருப்பவை உரியவரின் செய்திகள் மட்டுமல்ல. ஊரிலுள்ள நூறு பேரின் இலக்கங்களும் படங்களும் சேர்ந்தே பயணம் செய்கின்றன.

கருவியைத் தட்டில் வைக்கவும் இயக்கிக் காட்டவும் கேட்டால் உடனே செய்யுங்கள். கடவுச்சொல்லைக் கேட்டால், எந்தச் சட்டத்தின் கீழ் என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை. மொழி புரியாவிடில் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். பொய் சொல்லவோ அந்த இடத்தில் நின்று எதையும் அழிக்கவோ வேண்டாம். அது வேறு குற்றமாக மாறக்கூடும். தேவையற்ற பழைய படங்களையும் குழுக்களையும் வீட்டிலேயே நீக்கிவிட்டுச் செல்லலாம். பிள்ளைகளின் தொலைபேசி இலக்கங்களைத் தாளில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். கைத்தொலைபேசியை அதிகாரிகள் எடுத்துவைத்தால் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அமெரிக்காவில் அந்தப் படிவத்தின் இலக்கம் 6051-டி.