முகப்பு விளக்கு மங்கல்

காரின் ஹெட்லைட் மூடி மஞ்சளித்து, வெளிச்சத்தைச் சிதறடிக்கும் குறை. அமெரிக்கா 1983இல் ஹெட்லைட் விதியைத் தளர்த்தியதும், 1984ஆம் ஆண்டு மாடல் லிங்கன் காரில் கண்ணாடிக்குப் பதில் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் மூடி வந்தது. எடை குறைவு, எளிதில் உடையாது. ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர்கள் அதன் காப்புப் பூச்சை மெல்ல அரித்துவிடும்.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலுள்ள பர்கூர் போன்ற ஊர்களில் வெயிலோடு தூசியும் சேர்ந்துகொள்கிறது. சீரமைக்கும் முறையோ பர்கூர் அமைந்த கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குப் பழகியதுதான்: கிரானைட் பலகைக்கு மெருகேற்றுவதுபோல, தண்ணீர் விட்டபடி 1000, 2000, 3000 எண் வாட்டர் பேப்பரால் படிப்படியாகத் தேய்த்து, பாலிஷ் போட வேண்டும். சுற்றியுள்ள பெயின்ட்டில் கீறல் விழாமல் முதலில் டேப் ஒட்டுவது அவசியம்.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதுவே பெரிய தவறு. தேய்த்ததில் பழைய பூச்சு முழுவதும் போய்விடுவதால், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் புதிய பூச்சு இல்லாவிட்டால் சில மாதங்களில் மங்கல் திரும்பும். பற்பசை வைத்தியமும் அப்படித்தான், பளபளப்பு தற்காலிகம். பெயின்ட் தின்னரால் துடைத்தாலோ பாலிகார்பனேட்டில் வெடிப்பே உண்டாகும்.

உட்புறம் ஈரம் கோத்திருந்தால் வெளியே எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. மூடியைச் சுற்றியுள்ள சீல் பட்டையை மாற்றுங்கள், அல்லது விளக்கையே மாற்றிவிடுங்கள்.