ஏணியும் கிளையும்: மண்டூர்த் தில்லையை முன்வைத்துக் கூர்ப்புக் கொள்கை பற்றிய ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் அமைந்துள்ள மண்டூர் 'தில்லை மண்டூர்' எனவும் வழங்கப்பெறும். அங்குள்ள முருகன் கோயிலின் ஐதிகம், தில்லை மரமொன்றில் தங்கிய வேலை முதன்முதலிற் கண்டு வழிபட்டோர் வேடர் என்று கூறுகின்றது. அம்மரத்தையும் அம்மக்களையும் கொண்டே கூர்ப்புக் கொள்கையை இங்கு நோக்க விரும்புகின்றோம். அக்கொள்கை விளங்கிக்கொள்ளப்பட்ட முறையிலுள்ள பெருங்குறை இவ்விரண்டிலும் தெளிவாகப் புலப்படுகின்றது.

டார்வினின் 'இனங்களின் தோற்றம்' 1859இல் வெளிவந்தது. அந்நூலிலுள்ள ஒரே வரைபடம் கிளைத்துச் செல்லும் கோடுகளாலானது. படிப்படியாக மேலேறும் ஏணியன்று. ஆயினும் மக்கள் மனத்தில் நிலைத்தது ஏணியே. தொல்காப்பிய மரபியல் கூறும் ஓரறிவு முதல் ஆறறிவு வரையான உயிர்ப் பாகுபாட்டைக் காட்டி, டார்வினுக்கு முன்னரே தமிழர் கூர்ப்பை அறிந்திருந்தனர் என வாதிடுவாரும் உளர். புல்லும் மரமும் ஓரறிவின, நண்டும் தும்பியும் நான்கறிவின எனப் புலனறிவை அளவுகோலாகக் கொண்டு உயிர்களை வகுத்தமை வியத்தற்குரிய அவதானமே. ஆனால், ஓரினம் காலப்போக்கில் வேறோரினமாயிற்று என்னும் கருத்து அங்கில்லை. வகைப்படுத்தல் வேறு, வரலாறு வேறு. பழம்பெருமை பேசும் ஆர்வத்தில் இவ்வேறுபாட்டை மறைப்பது தொல்காப்பியருக்கும் நியாயஞ் செய்வதாகாது.

கலைச்சொல்லும் இம்மயக்கத்துக்குத் துணைபோயிற்று எனலாம். தமிழகத்தார் 'பரிணாமம்' என்பதை இலங்கைப் பாடநூல்கள் 'கூர்ப்பு' என்கின்றன. உள்ளதொன்று மிகுந்து சிறத்தல் என்பதே உரியியல் இச்சொல்லுக்குத் தரும் பொருள். அழகிய சொல்தான். எனினும், நாடாப்புழு தன் முன்னோர்க்கிருந்த உணவுக் கால்வாயை இழந்ததும் கூர்ப்பே. அதிற் சிறத்தல் எங்குள்ளது?

இனித் தில்லைக்கு வருவோம். வாவியோர உவர்ச் சேற்றில் தில்லையும் கண்டலும் வெண்கண்டலும் வளர்கின்றன. மேலோட்டமாக நோக்குவோர் இவற்றை நெருங்கிய உறவுடைய மரங்களென்றே கொள்வர். தாவரவியல் கூறுவது வேறு. தில்லை ஆமணக்கின் குடும்பத்தது. வெண்கண்டல் ஆடாதோடையின் குடும்பத்தது. கண்டலோ பிறிதொரு குடும்பத்தைச் சார்ந்தது. வெவ்வேறு முன்னோரின் வழிவந்த இவை உவர்நீரின் நெருக்கடிக்குத் தனித்தனியே ஈடுகொடுத்துள்ளன. இவற்றுள் எது உயர்ந்தது என்ற வினாவுக்கே இடமில்லை.

மரங்களைப் பற்றித் தவறாக எண்ணுவதால் அவற்றுக்குக் கேடில்லை. மனிதரைப் பற்றிய தவறு அத்தகையதன்று. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்தவரான போல் சராசின், பிரிட்ஸ் சராசின் ஆகியோர் 1883 முதல் 1886 வரை இலங்கையில் ஆய்வு செய்தனர். 1892-93இல் வெளியான பெருநூலில், வேடரின் மண்டையோடுகளை அளந்து, அவர்களை மனிதக் கூர்ப்பின் தொடக்கப் படிக்கு அண்மையில் நிறுத்தினர். அளவுகள் அறிவியலின் தோற்றத்தைத் தந்தன; முடிவோ ஏணியிலிருந்து வந்தது. கிளைப்படத்தை ஏற்போமாயின், வேடரும் பாசல் நகரத்தவரும் பொது முன்னோரிடமிருந்து ஒரே காலத் தொலைவில் நிற்பவரேயாவர். ஐதிகம் வரலாற்றுச் சான்றன்று. எனினும் வேடரை முதல் வழிபாட்டினராக வைத்த மண்டூர் மக்கள், அவ்வறிஞரினும் மதிப்பான இடத்தையே அவர்க்கு அளித்துள்ளனர்.

ஃபாகியன் குகையில் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முந்திய எலும்பு அம்புமுனைகள் கிடைத்துள்ளமை 2020இல் அறிவிக்கப்பட்டது. மழைக்காட்டிற் குரங்கையும் அணிலையும் வேட்டையாடிய அம்மனிதர், உடலமைப்பில் நம்மைப் போன்றவரே.