மேல்நிலைச் செவிலியத்தில் கோட்பாடு

முதுகலைப் படிப்பும் சிறப்புப் பயிற்சியும் பெற்ற செவிலியர் நோயாளியைத் தாமே பரிசோதித்து, முடிவெடுத்து, தொடர்ந்து கவனிக்கும் பணி மேல்நிலைச் செவிலியம். மருத்துவரின் உத்தரவை நிறைவேற்றுவதோடு இப்பணி முடிவதில்லை. ஆகவே எதைப் பார்ப்பது, எதற்காகத் தலையிடுவது என்று தெளிவுபடுத்தும் சொந்தக் கோட்பாடு அதற்குத் தேவைப்படுகிறது.

கிரிமியப் போரின்போது ஸ்குட்டாரி மருத்துவமனையில் பணியாற்றித் திரும்பிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல், நல்ல காற்று, வெளிச்சம், தூய்மை, அமைதி, உணவு ஆகியவற்றை ஒழுங்குசெய்து, உடல் தானே தேறுவதற்கு வழிசெய்வதே செவிலியரின் வேலை என்று 1859இல் எழுதினார். அடுத்த பெரிய நகர்வுக்கு ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று. மனநலச் செவிலியரான ஹில்டெகார்ட் பெப்லாவ் 1952இல் வெளியிட்ட நூல், நோயாளிக்கும் செவிலியருக்கும் இடையிலான உறவே குணப்படுத்தும் கருவி என்று வாதிட்டது. பின்னர் அவரே நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மனநலச் செவிலிய வல்லுநர்களுக்கான முதுகலைப் படிப்பைத் தொடங்கினார். கோட்பாடும் மேல்நிலைப் பணியும் ஒருவர் கையிலேயே இணைந்து வளர்ந்தன என்பது இவ்வரலாற்றில் முக்கியமானது.

1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் நோயாளியைத் தாமே பரிசோதித்துச் சிகிச்சையளிக்கும் செவிலியரான நர்ஸ் பிராக்டிஷனருக்குரிய முதல் பயிற்சியைத் தொடங்கியபோது சர்ச்சை எழுந்தது. இது செவிலியர்களை மருத்துவத்தின் பக்கம் இழுத்துவிடும் என்று கோட்பாட்டாளர் மார்த்தா ரோஜர்ஸ் கடுமையாக எதிர்த்தார். அந்த அச்சம் நியாயமானதே. அதற்கு ஏற்ற விடை டொரோதியா ஓரெமின் தற்பராமரிப்புக் கோட்பாட்டில் இருக்கிறது (1971). சர்க்கரை நோயாளிகள் இருவருக்கு மருந்துச் சீட்டில் ஒரே அளவு இன்சுலின் எழுதியிருக்கலாம். ஒருவருக்கு ஊசி போட்டுக்கொள்ளத் தெரியும், ஆனால் பார்வை மங்கிவிட்டது. மற்றவருக்குப் பார்வை நன்றாக இருக்கிறது, போடும் முறை தெரியாது. தம்மைப் பேணிக்கொள்வதில் யாருக்கு எங்கே குறை என்று ஓரெம் கேட்கச் சொல்கிறார். அதற்கேற்ப முழுதும் செய்துகொடுப்பதா, பாதி உதவுவதா, கற்றுக்கொடுத்து ஊக்குவிப்பதா என்று செவிலியர் தீர்மானிக்கிறார். மருந்துச் சீட்டு தொடாத இடம் இது.

1978இல் பார்பரா கார்ப்பர், செவிலியரின் அறிவில் அறிவியலோடு கலைநயம், அறம், தன்னை அறிதல் ஆகியவையும் அடங்கும் என்று வகுத்தார். பின்னர் கவனம் குறுகிய, சோதித்துப் பார்க்கத்தக்க இடைநிலைக் கோட்பாடுகளுக்குத் திரும்பியது. நோயின் நிச்சயமின்மை பற்றி மெர்ல் மிஷெல் 1988இல் வெளியிட்டது அவற்றுள் ஒன்று. செவிலியம் முழுவதையும் விளக்க முயன்ற பெருங்கோட்பாடுகள் பலவும் கடின நடையால் வகுப்பறையைத் தாண்டவில்லை. நோயாளியின் படுக்கையருகே இன்று அதிகம் பயன்படுபவை இடைநிலைக் கோட்பாடுகளே.