கண்ணாடிப் பேழை கடல் கடந்த கதை

1829ஆம் ஆண்டு இலண்டனின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த நத்தானியல் வார்டு என்னும் மருத்துவர், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணில் இட்டு, மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் வைத்திருந்தார். அந்து வெளிப்படுவதைக் காண்பதே அவர் நோக்கம். ஆனால் அம்மண்ணிலிருந்து பெரணிச் செடியொன்றும் புல்லொன்றும் முளைத்தெழுந்தன. புகை மண்டிய நகரில், அவருடைய தோட்டத்தில் பிழைக்காத பெரணி, குடுவைக்குள் செழித்தது. பகலில் ஆவியான ஈரம் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே இறங்கியதுதான் அதற்குக் காரணம். இன்று சிங்கப்பூர் இல்லங்களில் செடி வளர்க்கும் மீன்தொட்டிக்கு எவ்வகை விளக்கு, எவ்வகை மூடி என ஆராய்வோர், தம்மை அறியாமலே அக்குடுவையின் வரலாற்றைத் தொடுகின்றனர்.

வார்டின் குடுவை விரைவில் மரச்சட்டமிட்ட கண்ணாடிப் பேழையாயிற்று; உயிர்ச்செடிகளைக் கடல் கடந்து கொண்டுசெல்லப் பயன்பட்டது. 1876இல் கியூ தோட்டத்தில் முளைத்த ரப்பர்க் கன்றுகள் இத்தகைய பேழைகளில்தாம் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. மறு ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூர்ப் பூமலையை வந்தடைந்தன. பின்னர் மலாயாவெங்கும் ரப்பர்த் தோட்டங்கள் பரவியதும், அவற்றில் உழைக்கத் தமிழர் ஆயிரமாயிரமாய்க் கப்பலேறியதும் யாவரும் அறிந்தவை. இன்று அழகுப் பொருளாகத் தோன்றும் கண்ணாடிப் பெட்டிக்கும் தமிழர் குடிபெயர்ந்த வரலாற்றுக்கும் இவ்வாறு ஓர் உறவு உண்டு.

மண்ணுக்குப் பதில் நீர் நிரப்பி, 1850இல் இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலார் மற்றொரு சோதனையை வெளியிட்டார். தங்கமீன், வாலிஸ்னேரியா என்னும் நீர்ப்பூண்டு, நத்தை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி வாழும் என்பது அவர் கண்ட உண்மை. செடி உயிர்வளி தரவேண்டுமாயின் அதற்கு ஒளி வேண்டும். இலண்டன் குளிர்காலத்திலோ பகற்பொழுது எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. பிற்காலத்தில் மின்விளக்கு தொட்டியின் மேலேறியபோது, அது ஒளியோடு வெப்பமும் தந்தது. கண்ணாடி மூடி அவ்வெப்பத்தைக் காத்தது. குளிர்நாட்டுக்கு அவ்விரண்டும் பொருத்தமான துணைகளே.

அதே பெட்டி இத்தீவில் வேறு சூழலைச் சந்தித்தது. சிங்கப்பூர்த் தெருக்களில் மின்விளக்கு எரியத் தொடங்கியது 1906இல். வான் கிளீஃப் என்னும் டச்சுக்காரர் நகருக்கு விட்டுச்சென்ற செல்வத்தால், கேனிங் கோட்டைக் குன்றின் அடியில் 1955இல் மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. 1998இல் இடிக்கப்பட்ட அக்கட்டடத்தில் மீன்களைக் கண்டு வியந்த சிறுவர் பலர்.

சிராங்கூன் சாலையை ஒட்டிய பழைய கடைவீடுகளில் நடுவே வானம் பார்த்த திறப்பு இருந்தது. வெளிச்சம் மேலிருந்து இறங்கியது. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியபின் மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே வெளிச்சம் சன்னல் வழியே பக்கவாட்டில் நுழைகிறது. சன்னலருகே வைத்த தொட்டியில் செடி ஒருபுறம் சாயும். கண்ணாடியில் பாசி படரும். ஆதலின் கூடத்தின் உட்புறத்தில் தொட்டியை வைத்து, மேலே விளக்கிடுவது தேவையாயிற்று.

விளக்கு எத்தகையது என்பதில்தான் இடர்ப்பாடு. பழைய இழைக்குமிழ் தான் உண்ணும் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாகவே கழிக்கும். குளிர்நாட்டில் வரமாய் இருந்த அவ்வெப்பம் இங்கே மீனுக்கும் செடிக்கும் கேடு. 1938இல் விற்பனைக்கு வந்த குழல்விளக்கும், அதன்பின் வந்த எல்.இ.டி. விளக்கும் குறைந்த வெப்பத்தில் மிகுந்த ஒளி தருவதால் இம்மண்ணுக்கு இசைந்தவை.

மூடியின் நிலையும் அதுவே. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. 100 லிட்டர் நீரை 5 டிகிரிக்கு மேல் தணிக்க வல்ல அளவு அது. முற்றும் மூடிய தொட்டி இந்த இயற்கைக் குளிர்ச்சியை இழந்துவிடுகிறது. ஆயினும் மூடியே இல்லையேல் துள்ளும் மீன் தரையில் விழுந்து மடியும். மீனில்லாத செடித் தொட்டியில் கொசு முட்டையிடும். கொசு பெருக இடந்தருவதை 1968ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே தடுத்த நாடு இது. காற்று உலவும் நுண்வலை மூடி இவ்விரு தேவைகளையும் நிறைவேற்றும்.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. உலகெங்கும் மீன்தொட்டிகளில் வளர்க்கப்படும் கிரிப்டோகொரைன் என்னும் நீர்ச்செடி இனத்துக்கு இத்தீவும் தாயகம். நீ சூன் சதுப்புக் காட்டில் அது வளர்கிறது. அவ்வினத்தின் ஒருவகை, சென்னையில் பணியேற்று 1845இல் மலாக்காவில் மறைந்த மருத்துவர் வில்லியம் கிரிஃபித்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மரநிழலில், இலைகளூடே வடிந்துவரும் மெல்லொளியில் வாழப் பழகிய செடி அது. பிறநாட்டு நூல் கூறும் கடும் ஒளி அதற்கு வேண்டுவதில்லை. நாளொன்றுக்கு எட்டு மணி நேர மிதமான ஒளியே போதும்.

கடல் கடந்து வந்த கண்ணாடிப் பேழையை இத்தீவு தனதாக்கிக்கொண்டது. அதன் விளக்கையும் மூடியையும் தேர்வோர், அவை பிறந்த நாட்டின் குளிரை அளவுகோலாகக் கொள்ளாது, இங்குள்ள வெயிலையும் இக்காட்டின் நிழலையும் அளவுகோலாகக் கொள்வதே முறை.