முதலுக்கே மோசம்! – ஒரு தூண்டில் முள்ளின் வரலாறு



என் பெரியப்பா மகன் அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரில் இருக்கிறார். கொலம்பியா ஆற்றில் முதல் தடவையாக ஸ்டர்ஜன் மீன் பிடிக்கப் போவதாகச் சொல்லி, வாங்கிய சாமான் பட்டியலைத் தொலைபேசியில் படித்துக் காட்டினார். எட்டடி நீளத்தில் தடித்த தூண்டில் கம்பு, பின்னல் நூல், கால் கிலோ ஈயக்குண்டு, இரைக்கு நெத்திலியும் கணவாயும், ஓர் அளவு நாடா. கடைசியாகத் தூண்டில் முள். நூலில் ஒரே ஒரு முள்தான் கட்ட வேண்டுமாம். அதிலும் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்குமே ஒரு குட்டிக் கூர், மீன் கழன்று ஓடாமல் பிடிப்பது, அது இருக்கக் கூடாதாம்.

"ஆளை விடப் பெரிய மீனுக்கு மொட்டை முள்ளாண்ணா?" என்று சிரித்தேன். "சட்டம் அப்படிடா" என்றார். ஏன் அப்படி ஒரு சட்டம் என்று தேடிப் படித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

முதலில் மீனைப் பற்றி. கொலம்பியாவில் இருப்பது வெள்ளை ஸ்டர்ஜன், வட அமெரிக்காவின் மிகப் பெரிய நன்னீர் மீன். நூறு வயதைத் தாண்டியும் வாழும். பல்லே கிடையாது. ஆற்றின் அடியில் மீசையால் தடவிப் பார்த்து, குழாய் போல வாயை நீட்டி இரையை உறிஞ்சும். அதனால்தான் இரையை அடியில் நிறுத்த அவ்வளவு கனமான ஈயம். இந்த மீனுக்குப் பிடித்த பழைய இரை யூலக்கான் என்ற குட்டி மீன். 1806-ல் லூயிஸும் கிளார்க்கும் ஆற்றின் முகத்துவாரத்தில் தங்கியிருந்தபோது அங்குள்ள பூர்வகுடி மக்களிடம் யூலக்கானையும் ஸ்டர்ஜனையும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

பிறகு வந்த சால்மன் மீனவர்களுக்கு ஸ்டர்ஜன் வெறும் தொல்லை. வலையைக் கிழிக்கிறது என்று கொன்று எறிந்தார்கள். 1883-ல் கண்டம் கடக்கும் ரயில் பாதை முடிந்து போர்ட்லண்ட் கிழக்கு மாநிலங்களோடு இணைந்தது. கிழக்கு ஆறுகளில் ஸ்டர்ஜன் குறைந்துகொண்டிருந்த காலம் அது. இறைச்சிக்கும், கேவியர் எனப்படும் முட்டைக்கும் கிராக்கி. தொல்லை சரக்காக மாறியது!

இங்கேதான் முள் கதைக்குள் வருகிறது. அன்று பயன்பட்ட கருவிகளில் ஒன்றுக்கு 'சீன கேங் லைன்' என்று பெயர். நீண்ட கயிற்றில் கூரான முட்களை நெருக்கமாகத் தொங்கவிட்டு ஆற்றின் அடியில் கிடத்துவார்கள். நம்மூர் ஆயிரங்கால் தூண்டில் மாதிரி, ஆனால் இரையே கிடையாது! அந்தப் பக்கம் போகிற மீன் உடம்பில் முள் குத்தி மாட்டிக்கொள்ளும். பசித்த மீன், பசிக்காத மீன், சின்னது, பெரியது என்ற பேதமே இல்லை.

1892-ல் கொலம்பியாவில் பிடிபட்டது சுமார் 55 லட்சம் பவுண்டு, அதாவது ஏறக்குறைய 2,500 டன். 1899-ல் ஒரு லட்சம் பவுண்டு கூட இல்லை. ஏழே வருடம்!

வணிகவியல் படிக்கிறவனுக்கு இது தெரிந்த கதைதான். பெண் ஸ்டர்ஜன் முதல் முட்டை போடவே பதினைந்து, இருபது வருடத்துக்கு மேல் ஆகும். அதன் பிறகும் வருடாவருடம் போடாது. முட்டைக்காக ஒரு தாய் மீனை அறுத்தால் நம் கைக்கு வருவது வட்டி அல்ல, முதல். 1892-ன் கணக்குப் புத்தகத்தில் அது வருமானமாகத்தான் எழுதப்பட்டிருக்கும். உண்மையில் அவர்கள் மூலதனத்தை விற்றுச் சாப்பிட்டார்கள். முதலுக்கே மோசம் என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதுதான் நடந்தது.

கேங் லைன் பிற்பாடு தடை செய்யப்பட்டது. ஆனாலும் மீன் பெருகவில்லை. பெருக நேரம் வேண்டுமே! 1950-ல் ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்கள் ஒரு விதி கொண்டுவந்தன: ஆறடிக்கு மேற்பட்ட மீனை வைத்துக்கொள்ளக் கூடாது. நாம் வழக்கமாகச் சின்ன மீனை விடுவோம். இங்கே பெரியதையும் விட வேண்டும். முட்டை போடும் தாய்கள் அந்த அளவில்தான் இருக்கின்றன. அடுத்த சில பத்தாண்டுகளில் கீழ்க் கொலம்பியாவில் மீன் திரும்ப வந்தது.

இப்போது அண்ணனின் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். ஒற்றை முள், கேங் லைனுக்குப் பதில். மொட்டை நுனி, விட வேண்டிய மீனைக் காயமில்லாமல் சுலபமாக விட. அளவு நாடா, 1950-ன் விதி. இரை கூட வரலாறுதான்: யூலக்கானே குறைந்துபோய் 2010-ல் பாதுகாக்கப்பட்ட இனமாக அறிவிக்கப்பட்டது. விதிகள் இன்றும் அடிக்கடி மாறுகின்றன. பல இடங்களில் பிடித்தால் விட்டுவிடத்தான் வேண்டும். ஆகவே முதல் பயணத்துக்கு முதல் சாமான், அந்த வருட விதிப் புத்தகம்.

அண்ணன் போய் வந்துவிட்டார். ஏழடி மீன் ஒன்று மாட்டியதாம். தண்ணீரை விட்டுத் தூக்காமல், படகின் ஓரத்திலேயே முள்ளைக் கழற்றிவிட்டிருக்கிறார். "என்னை விட வயசுல மூத்ததா இருக்கும்டா" என்றார்.

"போட்டோ எடுத்தீங்களா?" என்று கேட்டேன். கை நடுங்கியதில் வால் மட்டும்தான் விழுந்திருக்கிறதாம்!